செல்லப்பிராணிகளின் விமானப் பயண வரலாறு

நாய், பூனை முதலிய வீட்டு விலங்குகள் வளர்ப்பவரோடு சேர்ந்தோ தனித்தோ வான்வழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வது இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. இந்த வழக்கத்தின் வேர் பதினெட்டாம் நூற்றாண்டில் உள்ளது. மனிதன் பறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே விலங்குகள் பறந்துவிட்டன. அதன்பின் வந்த இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலான காலத்தில் பலூன் போய் வான்கப்பல் வந்தது, வான்கப்பல் போய் ஜெட் விமானம் வந்தது. விலங்கின் இடம் மட்டும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. அது நோயைக் கொண்டுவரும் அபாயமா, பெட்டிகளோடு அடுக்கப்படும் சரக்கா, குடும்பத்தோடு வரும் பயணியா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு நாடும் வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன.

பலூன் காலம்

1783 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் வெர்சாய் அரண்மனை முற்றத்தில், பதினாறாம் லூயி மன்னர் பார்த்திருக்க, மோங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூன் மேலெழும்பியது. அதன் கூடையில் ஒரு செம்மறி ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவை இருந்தன. உயரத்தில் உள்ள காற்றை உயிரினங்கள் சுவாசித்துத் தாங்குமா என்பது அன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் விலங்குகளை முதலில் அனுப்பினர். சுமார் 8 நிமிடம் பறந்த பலூன் சில கிலோமீட்டர் தள்ளி இறங்கியது. மூன்றும் உயிரோடு இருந்தன. இரண்டு மாதம் கழித்து மனிதர்கள் கட்டில்லாத பலூனில் பறந்தனர்.

வெர்சாயில் பறந்தவை சோதனை விலங்குகள். வீட்டு விலங்கு மனிதனுக்குத் துணையாகப் பறந்த நிகழ்ச்சி அடுத்த ஆண்டு நடந்தது. 1784 செப்டம்பர் 15 அன்று இத்தாலியரான வின்சென்சோ லுனார்டி லண்டனிலிருந்து நீரகப் பலூனில் புறப்பட்டார். இங்கிலாந்து மண்ணிலிருந்து எழுந்த புகழ்பெற்ற முதல் பலூன் பயணம் அது. அவரோடு ஒரு நாயும் ஒரு பூனையும் ஒரு கூண்டுப் புறாவும் இருந்தன. உயரத்துக் குளிர் பூனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வெல்ஹம் கிரீன் என்ற ஊரருகே பலூனைத் தாழ இறக்கிப் பூனையை அங்கே விட்டுவிட்டு, லுனார்டி நாயோடு மேலும் பயணம் செய்து வேர் நகருக்கு அருகில் இறங்கினார். விலங்கின் உடல்நலத்துக்காகப் பயணத்தின் இடையில் இறங்கிய முதல் விமானி என்று அவரைச் சொல்லலாம்.

1793 ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ழான் பியேர் பிளான்ஷார் பறந்தபோதும் ஒரு சிறிய கறுப்பு நாய் அவருடன் சென்றது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் கொடுத்த அனுமதிக் கடிதம் பிளான்ஷாரிடம் இருந்தது. நாய்க்குத் தனிச் சீட்டு எதுவும் அந்தக் காலத்தில் தேவைப்படவில்லை.

வான்கப்பல்களில் பூனைகள்

கடற்கப்பல்களில் பூனை வைத்திருப்பது பழைய மாலுமிகளின் வழக்கம். எலியைப் பிடிக்கும், நல்ல சகுனமும் கூட. வான்கப்பல் வந்தபோது அந்த வழக்கமும் கூடவே ஏறிக்கொண்டது. 1910 அக்டோபர் 15 அன்று வால்டர் வெல்மன் என்பவர் ‘அமெரிக்கா’ என்ற வான்கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கப் புறப்பட்டார். ஆறு பேர் கொண்ட குழுவோடு கிட்டோ என்ற பூனையும் சென்றது. தரையை விட்டு எழுந்ததுமே பூனை கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடத் தொடங்கியது. பொறியாளர் மெல்வின் வேனிமன் பொறுமை இழந்து, இந்தப் பூனையை வந்து எடுத்துப் போங்கள் என்ற பொருள்பட வானொலியில் செய்தி அனுப்பினார். பறக்கும் கலத்திலிருந்து தரைக்குச் சென்ற மிகத் தொடக்ககால வானொலிச் செய்திகளில் ஒன்று இவ்வாறு ஒரு பூனையைப் பற்றியதாக அமைந்துவிட்டது. பூனையைப் பையில் கட்டிப் படகுக்கு இறக்க முயன்றார்கள், கடல் கொந்தளிப்பால் முடியாமல் மீண்டும் மேலே இழுத்துக்கொண்டார்கள். பிறகு கிட்டோ அடங்கிவிட்டது. இயந்திரக் கோளாறால் வான்கப்பல் திசை மாறி, நெடுந்தூரம் அலைந்தபின், மூன்றாம் நாள் ‘ட்ரென்ட்’ என்ற நீராவிக் கப்பல் அனைவரையும் காப்பாற்றியது. பூனையும் பிழைத்தது.

1919 ஜூலையில் பிரித்தானியாவின் ஆர்-34 வான்கப்பல் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ஃபார்ச்சூனிலிருந்து நியூயார்க் அருகேயுள்ள மினியோலாவுக்கு 108 மணி நேரத்தில் பறந்தது. கிழக்கிலிருந்து மேற்காக அட்லாண்டிக்கைக் கடந்த முதல் வான்பயணம் அது. எடையைக் குறைப்பதற்காகப் பயணத்திலிருந்து நீக்கப்பட்ட வில்லியம் பேலன்டைன் என்ற குழு உறுப்பினர் மனம் பொறுக்காமல் கலத்தினுள் ஒளிந்துகொண்டார். குழுவின் பூனைக்குட்டி வூப்சியும் அவரோடு ஒளிந்திருந்தது. அனுமதியின்றி அட்லாண்டிக்கை வான்வழி கடந்த முதல் பூனை என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

வான்கப்பல் காலம் ஒரு நாயின் சாவோடும் சேர்த்து நினைக்கப்படுகிறது. 1937 மே 6 அன்று நியூஜெர்சியின் லேக்ஹர்ஸ்ட்டில் ‘ஹிண்டன்பர்க்’ தீப்பற்றி விழுந்தது. கலத்தில் இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தனர். மேடை வித்தைக் கலைஞரான யோசஃப் ஷ்பே சன்னலிலிருந்து குதித்து உயிர் தப்பினார். கலத்தின் பின்பகுதிச் சரக்கறையில் இருந்த அவருடைய நாய் உல்லா தப்பவில்லை. பயணத்தின்போது நாய்க்கு உணவு கொடுக்க அவர் அடிக்கடி பின்பகுதிக்குப் போய்வந்ததே பின்னாளில் அவர் மீது சதி ஐயம் எழக் காரணமாயிற்று. அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. நாயை வளர்ப்பவரிடமிருந்து பிரித்துச் சரக்கோடு வைக்கும் முறை அப்போதே நிலைபெற்றுவிட்டது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

விளையாட்டிலிருந்து வணிகத்துக்கு

விமானம் தோன்றிய முதல் ஆண்டுகளில் விலங்குகள் பெரும்பாலும் வேடிக்கைக்காகவே ஏற்றப்பட்டன. ‘பன்றி பறக்கும்போது’ என்பது நடக்கவே நடக்காததைக் குறிக்கும் ஆங்கிலேயர் வழக்கு. அதைப் பொய்யாக்க 1909 நவம்பரில் ஜே. டி. சி. மூர்-பிரபசான் ஒரு பன்றிக்குட்டியைக் கூடையில் வைத்து விமானத்தில் கட்டிப் பறந்தார். 1930இல் அமெரிக்கப் பந்தய விமானி ராஸ்கோ டர்னர் கில்மோர் என்ற சிங்கக்குட்டியோடு ஊர் ஊராகப் பறந்தார். ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கு அது விளம்பரம். விலங்குநல அமைப்பினர் வற்புறுத்தியதால் சிங்கக்குட்டிக்குத் தனியாக ஒரு வான்குடை தைத்துக் கொடுக்கப்பட்டது.

வணிக முறையில் விலங்கைக் கொண்டுசெல்வதும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. 1924 ஜூலையில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனம் நிக்கோ என்ற இனவிருத்திக் காளையை ரோட்டர்டாமிலிருந்து பாரிசுக்கு விமானத்தில் கொண்டுசென்றது. விலை உயர்ந்த கால்நடைகளுக்கும் பந்தயக் குதிரைகளுக்கும் வான்வழி ஏற்றது என்பதை இத்தகைய பயணங்கள் காட்டின. ஆனால் அந்தக் காலத்து விமானங்களில் அறையழுத்தம் சீராக்கப்படவில்லை. 1940இல் சேவைக்கு வந்த போயிங் 307தான் அழுத்தம் சீராக்கப்பட்ட முதல் பயணிகள் விமானம். அதற்குப் பிறகே மனிதரும் விலங்கும் மேகத்துக்கு மேலே நெடுநேரம் வசதியாக இருக்க முடிந்தது.

வெறிநோயும் ஆறு மாதச் சிறையும்

தொழில்நுட்பம் தயாரான பிறகும் நாய் எல்லை கடக்க முடியாமல் போனதற்குக் காரணம் ரேபிஸ் என்னும் வெறிநோய். அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரையும் விலங்கையும் ஏறத்தாழ தவறாமல் கொல்லும் நோய் இது. கடிபட்ட பிறகு அறிகுறி தோன்றப் பெரும்பாலும் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். ஆகவே எல்லையில் நலமாகத் தெரியும் நாய் உண்மையில் நலமாக இருக்க வேண்டுமென்பதில்லை. கடற்பயணம் வாரக்கணக்கில் நீண்ட காலத்தில் நோய் வழியிலேயே வெளிப்பட வாய்ப்பு இருந்தது. விமானம் அந்தக் கால இடைவெளியைச் சில மணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

பிரித்தானியா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் தீவிலிருந்து வெறிநோயை ஒழித்தது. வெளியிலிருந்து வரும் நாய்களுக்கு 6 மாதத் தனிமைப்படுத்தல் கட்டாயமானது. முதல் உலகப் போரின் முடிவில், 1918இல், ஐரோப்பாவிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட நாய்களால் நோய் மீண்டும் நுழைந்தது. அதை அடியோடு ஒழிக்க 1922 வரை ஆயிற்று. 1969இல் சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லியில், ஜெர்மனியிலிருந்து வந்து 6 மாதத் தனிமையை முறையாக முடித்த ஒரு நாய்க்கு, வெளியே வந்த சில நாட்களிலேயே வெறிநோய் கண்டது. விதிகள் மேலும் இறுகின.

அந்த 6 மாதங்களுக்கு வளர்ப்பவர்தான் கட்டணம் செலுத்த வேண்டும். வெளிநாட்டில் பணிமுடித்துத் திரும்பும் இராணுவத்தினரும் தூதரக அதிகாரிகளும் நாயை விட்டுவிட்டு வருவதா, அரையாண்டு கூண்டில் அடைப்பதா என்ற முடிவை எடுக்க வேண்டியிருந்தது. முதிய நாய்கள் சில வெளியே வராமலே போயின. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளிலும் இதே நிலைதான். 1912 முதல் அங்கே 120 நாள் தனிமைப்படுத்தல் இருந்தது.

மருத்துவம் இந்தச் சிறையைத் திறந்தது. தடுப்பூசி போட்ட விலங்கின் குருதியில் போதிய எதிர்ப்பொருள் உள்ளதா என்று அளக்கும் சோதனை உருவானது. ஒரு மில்லிலிட்டரில் 0.5 பன்னாட்டு அலகு இருந்தால் அது பாதுகாப்பான அளவு என ஏற்கப்பட்டது. எந்த விலங்கின் குருதி அது என்பதை உறுதிப்படுத்தத் தோலுக்கடியில் அரிசிமணி அளவிலான மின்னணுச் சில்லு வந்தது. அதிலுள்ள 15 இலக்க எண் உலகெங்கும் ஒரே தரத்தில் படிக்கத்தக்கது. ஸ்வீடனும் நார்வேயும் 1994இல் தனிமைப்படுத்தலைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறின. ஹவாய் 1997இல் 120 நாளை 30 நாளாகவும், 2003இல் நிபந்தனைகளை முன்கூட்டியே நிறைவேற்றும் விலங்குகளுக்கு 5 நாளாகவும் அதற்குக் குறைவாகவும் குறைத்தது. பிரித்தானியாவில் 2000 பிப்ரவரி 28 அன்று செல்லப்பிராணிப் பயணத் திட்டம் தொடங்கியது. நூறாண்டுப் பழமையான விதி முடிவுக்கு வந்தது. 2004 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான நீலநிறச் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டு நடைமுறைக்கு வந்தது.

வெறிநோய் இல்லாத ஆஸ்திரேலியா இன்றும் கண்டிப்பானது. அங்கு வரும் நாயும் பூனையும் மெல்பர்ன் அருகேயுள்ள மிக்கிள்ஹம் தனிமை மையத்தில் குறைந்தது 10 நாள் தங்க வேண்டும். 2015இல் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் தனி விமானத்தில் இரண்டு யார்க்‌ஷயர் டெரியர் நாய்களை அறிவிக்காமல் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தனர். நாய்கள் நாட்டை விட்டுப் போகாவிட்டால் கொல்லப்படும் என்று வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் வெளிப்படையாக எச்சரித்தார். நாய்கள் திரும்பிச் சென்றன. 2016இல் நீதிமன்றத்தில் ஹெர்ட் தவறான பயண ஆவணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார், இருவரும் மன்னிப்புக் காணொளி வெளியிட்டனர். புகழும் பணமும் தனி விமானமும் இந்த விதியைக் கடக்க உதவவில்லை.

சரக்கறைக்குள் என்ன நடக்கிறது

பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள சரக்கறையில் காற்று இருக்காது, விலங்கு உறைந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இன்றைய ஜெட் விமானங்களில் சரக்கறைக்கும் பயணியர் அறைக்கும் காற்றழுத்தம் ஒன்றே. விலங்குகளை ஏற்றும் பகுதிக்கு வெப்பமூட்டும் வசதியும் உண்டு. விலங்கு இருக்கிறது என்ற தகவல் விமானிக்கு எழுத்தில் தரப்படுகிறது, அவர் அதற்கேற்ப வெப்பநிலையை அமைக்கிறார். அந்தத் தகவல் தவறினால்தான் ஆபத்து.

முன்பு நிலைமை வேறு. பழைய விமானங்களின் சில சரக்கறைகள் காற்று அதிகம் புகாதபடி மூடப்பட்டிருந்தன. தீப்பிடித்தால் உயிர்வளி தீர்ந்து தானே அணையட்டும் என்பது அந்த வடிவமைப்பின் நோக்கம். தீயை மூச்சுமுட்டச் செய்யும் அறை, உள்ளே இருக்கும் நாயையும் மூச்சுமுட்டச் செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1996 மே 11 அன்று ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் வேல்யூஜெட் 592 விமானம் சரக்கறைத் தீயால் விழுந்து 110 பேர் இறந்தபின், அத்தகைய அறைகளில் புகை உணர்வியும் தீயணைப்பு வசதியும் பொருத்த அமெரிக்கா 1998இல் ஆணையிட்டது. 2001 தொடக்கத்தில் அந்தப் பணி முடிந்தது. மனிதர்களுக்காகச் செய்த மாற்றம் விலங்குகளுக்கும் நன்மையாயிற்று.

உண்மையான அபாயம் வானத்தில் இருப்பதைவிடத் தரையில்தான் அதிகம். விமானம் ஓடுதளத்தில் காத்திருக்கும்போதும், கூண்டு வண்டியில் வெயிலில் நிற்கும்போதும் குளிரூட்டல் இல்லை. அமெரிக்க விதிப்படி விலங்கை இடம் மாற்றும்போது 29.5 டிகிரி செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் 45 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தொடும் சென்னை போன்ற ஊர்களில் இதைக் கடைப்பிடிக்க, இரவிலோ விடியற்காலையிலோ கிளம்பும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி.

நாய்க்கு வியர்வை மூலம் உடல் குளிர்வது மிகக் குறைவு. மூச்சிரைப்பதன் மூலமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகலானது, வெப்பமும் பதற்றமும் கூடினால் திணறிவிடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, 2005 மே முதல் விமானப் பயணத்தில் இறந்ததாகப் பதிவான 122 நாய்களில் ஏறத்தாழப் பாதி சப்பை மூக்கு இனத்தவை. அவற்றில் 25 இங்கிலீஷ் புல்டாக், 11 பக். இதன்பின் பல நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்கறையில் ஏற்ற மறுத்தன. மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்தால் பயணம் எளிதாகும் என்ற நம்பிக்கையும் தவறானது. அம்மருந்துகள் குருதியழுத்தத்தைத் தாழ்த்தும், உடல் சமநிலையைக் குலைக்கும். கால்நடை மருத்துவ அமைப்புகளும் விமான நிறுவனங்களும் அதைத் தவிர்க்கவே சொல்கின்றன.

விதிகளின் பிறப்பு

விலங்குப் பயண விதிகள் செல்ல நாய்க்காகத் தோன்றியவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் வணிக விலங்குகளின் பெரும் சாவுகள் உள்ளன. 1950களில் போலியோ தடுப்பூசி ஆய்வுக்காக இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் பெருந்தொகையில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. 1955 ஜனவரியில் வழியில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத்திணறி இறந்தன. இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தியது. 1978இல் முற்றிலும் தடை செய்தது.

பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, உயிருள்ள விலங்குகளுக்கான விதித்தொகுப்பை ஆண்டுதோறும் புதுப்பித்து வெளியிடுகிறது. நாய்க்கும் பூனைக்கும் கூண்டின் அளவை அது ஓர் எளிய கணக்காகத் தருகிறது. மூக்கு நுனி முதல் வாலின் அடி வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்கால் முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் கிடைக்கும். தோள் அகலத்தின் இருமடங்கு கூண்டின் அகலம். காது அல்லது தலை, எது உயரமோ அது கூண்டின் உயரம். 90 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் முழங்கை உயரம், 25 சென்டிமீட்டர் தோள் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம் உள்ள நாய்க்கு 110 நீளமும் 50 அகலமும் 70 உயரமும் கொண்ட கூண்டு வேண்டும். படுக்கை விரிப்பின் தடிமன் தனி. விலங்கு நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் முடியவேண்டும் என்பதே இக்கணக்கின் அடிப்படை.

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு விமான நிறுவனங்களையும் உள்ளடக்கியது. 8 வாரம் நிறையாத குட்டிகளை ஏற்றக் கூடாது என்பது போன்ற விதிகள் வந்தன. 2000இல் இயற்றப்பட்ட சட்டத்தால் விலங்கின் இறப்பு, காயம், காணாமற்போதல் ஆகியவற்றை நிறுவனங்கள் அரசுக்கு அறிவிக்கவேண்டிய கடமை உருவாகி, 2005இல் நடைமுறைக்கு வந்தது. மேலே சொன்ன 122 என்ற எண் இந்த விதி இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

காலடியில் ஒரு பை

சிறு நாயையும் பூனையையும் முன்னிருக்கையின் கீழ் பையில் வைத்துக் கொண்டுசெல்லும் முறை ஜெட் காலத்தில் பரவியது. பல ஐரோப்பிய நிறுவனங்களில் பையோடு சேர்த்து 8 கிலோ என்பது வரம்பு. பெரிய நாய்க்கு இந்தச் சலுகை இல்லை. விதிவிலக்கு, பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் போன்ற பயிற்சி பெற்ற உதவி நாய்கள். 1986இல் அமெரிக்காவில் வந்த வான்பயண அணுகல் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் இந்த உரிமையை உறுதி செய்தது.

அந்த உரிமையின் நிழலில் வேறொரு வழக்கமும் வளர்ந்தது. மனத்துணை விலங்கு என்று ஒரு மருத்துவக் கடிதம் இருந்தால் கட்டணமின்றி ஏற்றலாம் என்ற நிலை 2000களில் உருவானது. கடிதங்கள் இணையத்தில் விலைக்குக் கிடைத்தன. நாய், பூனை போக வாத்து, பன்றி வரை வந்தன. 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண் மயிலோடு வந்தபோது உலகமே சிரித்தது. பயிற்சியற்ற விலங்குகள் உதவி நாய்களைக் கடித்த நிகழ்ச்சிகளும் இருந்ததால், மாற்றுத்திறனாளி அமைப்புகள் பலவே கட்டுப்பாடு கோரின. 2021 ஜனவரி முதல் பயிற்சி பெற்ற நாய் மட்டுமே உதவி விலங்கு என்று அமெரிக்க அரசு வரையறுத்தது.

2018 மார்ச்சில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில், பையில் இருந்த ஒரு ஃபிரெஞ்சு புல்டாக் குட்டியைப் பணியாளர் சொற்படி தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைத்தார்கள். விமானம் இறங்கியபோது குட்டி இறந்திருந்தது. பயணியர் அறைக்குள் இருப்பதே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதை அந்தச் சாவு காட்டியது.

செல்லப்பிராணிகளுக்கு மட்டுமான விமானமும் முயலப்பட்டது. 2009 ஜூலையில் அமெரிக்காவில் தொடங்கிய பெட் ஏர்வேஸ் நிறுவனத்தில் இருக்கைகளுக்குப் பதிலாகக் கூண்டுகள் இருந்தன. 2013 தொடக்கத்தில் அது மூடப்பட்டது. 2024 மே மாதம் தொடங்கிய பார்க் ஏர் நிறுவனத்தில் நாய் இருக்கையில் அமரும், வளர்ப்பவரும் உடன் செல்வார். தொடங்கியபோது நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலசுக்கு ஒருவழிக் கட்டணம் 6,000 டாலராக இருந்தது. அந்த வசதி யாருக்கானது என்பதைக் கட்டணமே சொல்லிவிடுகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1978இல் விலங்குகள் போக்குவரத்து விதிகள் வந்தன. நாய், பூனைகளை இரயில், சாலை, கடல், வான்வழியில் கொண்டுசெல்வதற்கான நெறிகள் அவற்றில் உள்ளன. பயணத்துக்கு முன் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதா மறுப்பதா என்பதை நிறுவனமே முடிவு செய்யும். நீண்ட காலம் ஏர் இந்தியா ஒன்றே பயணியர் அறையில் நாய், பூனையை ஏற்றும் முக்கிய நிறுவனமாக இருந்தது. 2022 நவம்பரில் ஆகாசா ஏர் 7 கிலோ வரம்போடு அந்த வரிசையில் சேர்ந்தது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது கடினம். 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டமே இன்றும் அடிப்படை. பல ஆண்டு வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புவோருக்கே பயணச் சுமையாக நாயோ பூனையோ கொண்டுவரும் வழி எளிது, மற்றவர்கள் இறக்குமதி உரிமம் பெற வேண்டும். இனவிருத்தி வணிகத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வது 2016இல் தடுக்கப்பட்டது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு நகரங்களில் மட்டுமே விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையங்கள் இருந்தன. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் கேரளக் குடும்பங்கள் இந்த நகரங்களில் ஒன்றில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியே ஊர் சேர வேண்டியிருந்தது. 2024இல் கொச்சி அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தோஹாவிலிருந்து ஒரு பூனை அங்கே வந்திறங்கியது.

இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவதில் வெறிநோய் மீண்டும் குறுக்கே நிற்கிறது. இந்தியாவில் இந்நோய் பரவலாக இருப்பதால், இங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் நாய்க்குத் தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்துக் குருதி எடுத்து, ஒப்புதல் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அதன்பின் 3 மாதம் காத்திருக்க வேண்டும். வேலை கிடைத்து இரண்டு வாரத்தில் கிளம்பும் இளைஞருக்கு இது நடவாத காரியம். அமெரிக்காவும் வெறிநோய் மிகுந்த நாடுகளிலிருந்து நாய்கள் வருவதை 2021 ஜூலையில் இடைநிறுத்தியது, 2024 ஆகஸ்டில் 6 மாத வயது, மின்னணுச் சில்லு, முன்பதிவுப் படிவம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் உண்டு.

போர்க்களத்திலிருந்து

விதி எவ்வளவு நெகிழும் என்பது நெருக்கடியில்தான் தெரியும். 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தபோது, இந்தியத் தூதரகத்தைக் காத்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் மாயா, பாபி, ரூபி என்ற மூன்று மோப்ப நாய்களையும் விமானப்படை விமானத்தில் உடன் அழைத்துவந்தனர். அதே மாத இறுதியில், முன்னாள் பிரித்தானியப் படைவீரர் பென் ஃபார்திங் தன் விலங்குக் காப்பகத்தின் 150க்கும் மேற்பட்ட நாய், பூனைகளைத் தனி விமானத்தில் காபூலிலிருந்து வெளியேற்றினார். அவருடைய காப்பகத்தின் ஆப்கானியப் பணியாளர்கள் அந்த விமானத்தில் வரமுடியவில்லை, பின்னர் பாகிஸ்தான் வழியாக வெளியேறினார்கள். வெளியேற வழியின்றி மக்கள் நின்ற நேரத்தில் விலங்குகளுக்கு அரசு கவனம் கிடைத்தது சரியா என்ற கேள்வி பிரித்தானிய நாடாளுமன்றக் குழு வரை சென்றது.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியது. அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களில் சிலர் தாங்கள் வளர்த்த நாய், பூனைகளை விட்டு வர மறுத்தனர். கேரளத்து மாணவி ஒருவர் தன் சைபீரியன் ஹஸ்கி நாயைப் பல கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடந்து ருமேனிய எல்லையைக் கடந்தார். வழக்கமான ஆவணங்கள் பலரிடம் இல்லை. இந்திய அரசு ஒருமுறைத் தளர்வு அளித்தது, விலங்குகள் ‘கங்கா’ நடவடிக்கை விமானங்களில் வந்தன. பாராட்டியவர்களும் உண்டு. ஒரு நாயின் இடத்தில் ஒரு மனிதர் வந்திருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு.

சட்டத்தின் கண்ணில்

பன்னாட்டு வான்பயண இழப்பீட்டுக்கு அடிப்படையான 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை மனிதர், பயணச் சுமை, சரக்கு என மூன்று வகைகளையே அறியும். நாய்க்கு அதில் தனி இடம் இல்லை. 2019 அக்டோபரில் புவெனஸ் ஐரசிலிருந்து பார்சிலோனா செல்லவிருந்த ஒரு பயணியின் நாய், விமானத்துக்குக் கொண்டுபோகும் வழியில் கூண்டிலிருந்து தப்பியோடிக் காணாமற்போனது. மன வேதனைக்காக அவர் 5,000 யூரோ கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், விலங்கு உணர்வுள்ள உயிர் என்பதை ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டம் ஏற்றாலும், இழப்பீட்டைப் பொறுத்தவரை அதைப் பயணச் சுமை என்ற வகைக்குள் வைப்பதற்கு அது தடையில்லை என்று தீர்ப்பளித்தது. முன்கூட்டியே தனி மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாதவருக்கு, தொலைந்த பெட்டிக்குக் கிடைக்கும் உச்சவரம்புத் தொகைதான் கிடைக்கும்.

அதே 2025இல் இத்தாலியின் வான்போக்குவரத்து ஆணையம் பெரிய நாய்களும் உரிய கட்டுப்பாட்டோடு பயணியர் அறையில் செல்ல வழி திறந்தது. ஒரே ஆண்டில் ஒரே கண்டத்தில், நாய் ஒருபக்கம் பெட்டிக்குச் சமமாக வைக்கப்பட்டது, மறுபக்கம் பயணிக்கு அருகே இடம் பெற்றது.